ஹூட்டருக்குள் ஒரு சாக்குத்துணி

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களாவுக்கு அலாரம் போட்டுக் கொடுத்துவிட்டு எட்டு மாதம் கழித்து சர்வீஸுக்குப் போனேன். பேனலில் பச்சை விளக்கு எரிகிறது, ஜோன் (சென்சார் லைன் ஒவ்வொன்றும் ஒரு ஜோன்) எல்லாம் சரி, ஆனால் உள்ளே பதிவாகியிருந்த கணக்கைப் பார்த்தால் ஒரே மாதத்தில் அத்தனை அலாரம் அடித்திருக்கிறது. இவ்வளவு அடித்தும் ஒருத்தர்கூட போன் பண்ணவில்லையே என்று ஏணி போட்டு ஏறி, வெளிச்சுவரில் இருந்த ஹூட்டரை, அதாவது அலாரம் வந்தால் அலறுகிற சைரனை, கழற்றினேன். உள்ளே காபிக்கொட்டை சாக்கைக் கிழித்து, கெட்டியாகத் திணித்து, மேலே ஒரு பாலிதீன் கவரையும் சுற்றி வைத்திருந்தார்கள். மழையில் சாக்கு மக்கிவிடக் கூடாதாம். ஹூட்டர் மூடியை யாராவது திறந்தால் பேனலுக்குச் சொல்ல ஒரு டேம்பர் சுவிட்ச் இருக்கும், அதன் ஒயரை எங்கள் ஆட்கள் இணைக்கவே இல்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தோட்டத்துக் காவல்காரர் கீழே நின்றுகொண்டு, "ராத்திரி பூராம் கத்துதுங்க சார், புள்ளைங்க தூங்க முடியல, அதான்" என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

தப்பு என்னுடையதுதான். மார்ச் மாதம், வெயில் பளிச்சென்று அடித்த ஒரு மத்தியானம், அடிவாரத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், காம்பவுண்டில் நட்டிருந்த பீம் சென்சாரைக் குறுக்கே ஒரு தடவை நடந்து பார்த்து, ஹூட்டர் அடித்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் சேலம் இறங்கிவிட வேண்டும் என்று கிளம்பி வந்தவன் நான். பீம் என்பது இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை, ஆள் மறித்தால் அலாரம். ஆனால் 1500 மீட்டர் உயரத்தில் ஐப்பசி கார்த்திகையில் இறங்கும் மூட்டமும் அதே மாதிரிதான் மறிக்கும். சட்டென்று அறுந்தால் ஆள், கொஞ்சம் கொஞ்சமாக மங்கினால் மூட்டம் என்று பிரித்துச் சொல்ல அந்த பீமிலேயே தனி அவுட்புட் ஒன்று இருந்தது. மார்ச் வெயிலில் அது எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. கேமராவும் அதே கதை, ராத்திரியில் அதன் ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) வெளிச்சம் மூட்டத்தில் பட்டுத் திரும்பி, திரை முழுக்க சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக நின்றது.

இந்தச் சாக்குதான் சேலம் செவ்வாய்ப்பேட்டை வேலையில் என்னை ஐந்து நாள் உட்கார வைத்தது. வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறவர் கட்டிய புதுக் கட்டிடம். கீழே ஷோரூம், முதல் மாடியில் பாலிஷ் போடுகிற இடமும் எடை போடுகிற மேஜைகளும், இரண்டாம் மாடியில் ஆபீஸும் ஸ்ட்ராங் ரூமும், அதற்கு மேலே தகரக்கூரை போட்ட ஒரு ஹால், பேக்கிங்குக்கு. அலாரமும் கேமராவும் நாங்கள். கதவு லாக் வேலையை இன்டீரியர் செய்தவர்கள் கொண்டுவந்த வேறொரு ஆள். தை பிறந்ததும் கடை திறப்பு, பத்திரிகை அடித்தாகிவிட்டது. டெஸ்டிங்குக்கு ஐந்து நாள் வேண்டும் என்றதும் முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சுவிட்ச் போட்டா எரியுதான்னு பார்க்க அஞ்சு நாளா தம்பி?" ஏற்காட்டுச் சாக்குக் கதையை மறைக்காமல் சொன்னேன். சிரித்துவிட்டு மூன்று நாள் கொடுத்தார். ஐந்து நாள் ஆனது.

முதல் நாள் ஹூட்டர் அடிப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் ஸ்டேஷனுக்கும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தோம். அப்படியும் முதல் தடவை அடித்ததும் எதிர் அரிசி மண்டியில் இருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள். இரண்டாவது தடவை ஒருத்தர் மட்டும் தலையை நீட்டிப் பார்த்தார். அன்று சாயங்காலம் நாலாவது தடவை அடித்தபோது மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொல்லிவைத்த டெஸ்ட்டுக்கே ஒரு நாளில் இந்த கதி என்றால், வாரத்துக்கு இரண்டு பொய் அலாரம் அடிக்கிற கட்டிடத்தில் நிஜத் திருடன் வந்தால் யார் எழுந்து வருவார்கள்?

வாக் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. பேனலை அந்த மோடில் போட்டுவிட்டு, ஒவ்வொரு அறையாக நடக்க வேண்டும், ஆள் நடமாட்டத்தைக் கவனிக்கிற பிஐஆர் சென்சார் நம்மைப் பார்த்தால் அதில் சின்ன சிவப்பு விளக்கு மின்னும். எங்கள் பையன் கையை வீசிக்கொண்டு அறை அறையாக நடந்தான், எல்லா இடத்திலும் மின்னியது. புதுக் கட்டிடத்துக்குப் போட்டிருந்த வாட்ச்மேன், அறுபது தாண்டிய பெரியவர், முப்பது வருடம் சங்ககிரி லாரியில் ஓடியவர், மாடிப்படியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "ஏந் தம்பி, திருடன் இப்படியா ரேஷன் கடைக்குப் போற மாதிரி வருவான்?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஷோரூம் பின்கதவில் இருந்து சுவரோடு சுவராக ஒட்டி, ஒரு அடி வைத்து நிதானித்து அடுத்த அடி வைத்து, கண்ணாடி ரேக்குகளுக்குப் பின்னால் குனிந்து, கல்லாப்பெட்டி வரைக்கும் வந்து நின்றார். விளக்கு ஒரு தடவைகூட மின்னவில்லை. "டீ வாங்கிக் குடு" என்றார்.

இதில் மாயம் எதுவும் இல்லை. பிஐஆர் தானாக எதையும் அனுப்பிப் பார்க்காது, உடம்புச் சூடு ஒரு கட்டத்தில் இருந்து பக்கத்துக் கட்டத்துக்கு நகர்வதை மட்டும் கவனிக்கும். குறுக்கே நடந்தால் உடனே பிடிக்கும், நேராக அதை நோக்கி மெதுவாக வந்தால் தாமதமாகத்தான் பிடிக்கும். கண்ணாடியை ஊடுருவி அதற்குச் சூடு தெரியாது. நாங்கள் சென்சார் மாட்டியபோது அந்த ஹால் காலி, ரேக்கெல்லாம் அப்புறம் வந்தவை. சென்சாரின் பாதிப் பார்வையை மறைத்துக்கொண்டு ஆறடி உயரக் கண்ணாடி ரேக் நிற்கிறது, நாங்கள் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு நடக்கிறோம். ஒரு சென்சாரை எதிர் மூலைக்கு மாற்றி, இன்னொன்று கூடுதலாகப் போட்டோம். அதற்கப்புறம் எந்தச் சாமானும் வந்து சேராமல் நான் வாக் டெஸ்ட் செய்வதில்லை. காலி ஹாலில் செய்த டெஸ்ட் காலி ஹாலுக்குத்தான். இன்னொன்று, டெஸ்டை மாட்டினவனே செய்யக் கூடாது. எந்த இடத்தில் மின்னும் என்று அவன் காலுக்கே தெரியும், அங்கேதான் போய் நிற்பான்.

இரண்டாம் நாள் ஒயர். இது கொஞ்சம் டெக்னிக்கல், ஆனால் அலாரம் போட்டிருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் ஆளிடம் கேட்க வேண்டிய கேள்வி இதில்தான் இருக்கிறது. ஷட்டரில் மாட்டும் காந்த சென்சாருக்கும் பேனலுக்கும் நடுவே இரண்டு ஒயர் ஓடும். ஷட்டர் மூடியிருந்தால் சர்க்யூட் மூடியிருக்கும், திறந்தால் அறும். சரி, யாராவது பகலில் கடைக்கு வந்து, வழியில் எங்கேயோ அந்த இரண்டு ஒயரையும் சீவி ஒன்றோடு ஒன்று முறுக்கிவிட்டுப் போனால்? அதற்கப்புறம் ஷட்டரைக் கழற்றி லாரியில் ஏற்றினாலும் பேனலுக்கு மூடியே இருக்கிற மாதிரிதான் தெரியும். இதைத் தடுக்கத்தான் லைன் முடிவில் ஒரு ரெசிஸ்டர் போடுவது, இஓஎல் என்பார்கள். பேனல் அந்த ஓம்ஸ் மதிப்பை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும், நடுவில் ஷார்ட் ஆனால் மதிப்பு விழுந்து ஃபால்ட் காட்டும். ஆனால் ரெசிஸ்டரை சென்சார் முனையில் போட வேண்டும். ஏணியில் ஏறி சாலிடர் வைக்கச் சோம்பல்பட்டு பேனல் பெட்டிக்குள்ளேயே முறுக்கி வைத்துவிடுவது எங்கள் தொழிலில் ஊரறிந்த ரகசியம். ஒரு துண்டு ஒயரை எடுத்து ஷட்டர் பக்கம் ஷார்ட் பண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு ஜோனில் ஏழு, ஒன்றும் ஆகாத மாதிரி பச்சையாகவே நின்றது. எங்கள் பையன்கள் செய்த வேலை, வேறு யார்மேலும் பழி போட முடியாது. அன்று ராத்திரி பதினொரு மணி வரை ரெசிஸ்டர் மாற்றினோம். பேனல் மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே டெர்மினலில் வரிசையாகக் குட்டி குட்டி ரெசிஸ்டர் தொங்கினால் உங்கள் வீட்டிலும் அதே சோம்பல்தான் என்று அர்த்தம்.

ஸ்ட்ராங் ரூம் சுவரில் வைப்ரேஷன் சென்சார். அதைச் சுத்தியலால் தட்டித் தட்டி அளவு வைத்தோம், பகலில் கச்சிதமாக இருந்தது. செவ்வாய்ப்பேட்டை ராத்திரியில்தான் விழித்திருக்கும் என்பதை மறந்துவிட்டோம். இரண்டு மணிக்கு லோடு லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்து வாசல் கல்லில் இடித்தது, அலாரம். அளவைக் குறைத்துக் குறைத்து, லாரிக்கு அடிக்காமல் சுத்தியலுக்கும் டிரில்லுக்கும் மட்டும் அடிக்கிற ஒரு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி ஆனது. பெரியவர்தான் உட்கார்ந்து எந்த லாரிக்கு அடித்தது என்று நோட்டில் எழுதினார். ஆறு சக்கரமா, பத்து சக்கரமா, லோடா, காலியா என்பது வரைக்கும் எழுதியிருந்தார். நான் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கரண்ட். காலை எட்டு மணிக்கு மெயினை இறக்கிவிட்டு, எல்லாரும் டீ குடித்தோம். இந்த டெஸ்டில் வேலையே கிடையாது, காத்திருப்பதுதான், அதனால்தான் யாரும் செய்வதில்லை. பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி விளக்கு எரிகிறதா, எரிகிறது, சரி என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஈபியில் பராமரிப்புக்காக மாதத்துக்கு ஒரு நாள் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் ஏரியா பெயர் போட்டுச் செய்தி வரும். நமக்கு வருகிற பேப்பர்தான் திருடனுக்கும் வருகிறது. ஆக, எட்டு மணி நேரம் தாங்குகிறதா என்று எட்டு மணி நேரம் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

தாங்கவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு, முதல் மாடியில் யாரும் தொடாமல் கதவு தானாகத் திறந்து காற்றில் ஆடியது. நாங்கள் கீழே தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், கேரட் பீட்ரூட் துருவல் வாயில் இருக்க, எல்லாரும் மாடியைப் பார்த்தோம். இஎம் லாக் என்பது வெறும் மின்காந்தம். கரண்ட் இருக்கிற வரைக்கும் 270 கிலோ இழுப்பைத் தாங்கும், கரண்ட் நின்ற நொடியில் ஒரு குழந்தை தள்ளினாலும் திறக்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும், தீப்பிடித்தால் ஆள் வெளியே வர வேண்டுமே. ஆனால் இங்கே லாக் ஆள் செலவு மிச்சம் பிடிப்பதற்காகத் தன் இரண்டு லாக்கையும் எங்கள் அலாரம் பேட்டரியிலேயே சேர்த்துவிட்டிருக்கிறார். கணக்கு எளிது. எங்கள் பேனலும் சென்சார்களும் 0.38 ஆம்பியர் இழுக்கின்றன, இரண்டு லாக்கும் சேர்ந்து 0.96. பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் (Ah). வகுத்தால் ஐந்து மணி நேரம் சொச்சம் வரும், ஆனால் பேட்டரிமேல் எழுதியிருக்கும் அந்த 7 என்பது இருபது மணி நேரத்தில் நிதானமாகச் செலவழித்தால் கிடைக்கிற கணக்கு, வேகமாக உறிஞ்சினால் அவ்வளவு தராது. நாலு மணி நேரம்கூட வரவில்லை. கதவும் திறந்து, அலாரமும் செத்து, கேமரா மட்டும் யூபிஎஸ் தயவில் நடப்பதை எல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

லாக்குக்குத் தனி சப்ளை, தனியாக 26 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்று பிரித்தோம். பேட்டரி வாங்கும்போது பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் மாதம் வருடத்தைப் பாருங்கள், கடை அலமாரியில் சார்ஜ் ஏறாமல் ஒன்றரை வருடம் தூங்கிய பேட்டரி புதுசு என்ற பெயரில் வரும்.

லாக்கைப் பிரிக்கும்போதுதான் அதைவிட மோசமான ஒன்று கண்ணில் பட்டது. கதவுக்குப் பக்கத்தில் பச்சைப் பெட்டி இருக்கும், அவசரத்துக்குக் கண்ணாடியை அழுத்தினால் கதவு திறக்க வேண்டும். அழுத்தினால் திறந்தது, சந்தேகமே இல்லை. கார்டு ரீடரின் கன்ட்ரோலரைக் கழற்றி வைத்துவிட்டு அழுத்திப் பார்த்தேன். லாக் பிடித்த பிடியை விடவில்லை. பச்சைப் பெட்டியின் ஒயர் நேராக லாக் சப்ளையை அறுப்பதற்குப் பதில் கன்ட்ரோலருக்குப் போய், தயவுசெய்து திறக்கிறாயா என்று கேட்கிற மாதிரி இணைத்திருந்தார்கள். கன்ட்ரோலர் ஹேங் ஆனால், அல்லது தீயில் முதலில் அதுவே உருகினால், முதல் மாடியில் பாலிஷ் போடுகிற பதினாறு பெண்கள் உள்ளே. வெளியேறும் கதவு உள்ளே இருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்று 2016 தேசியக் கட்டிட விதித்தொகுப்பு சொல்கிறது, ஆனால் விதி தெரிந்துதான் இதைச் செய்ய வேண்டும் என்றில்லை. அந்த லாக் ஆளிடம் போனில் சொன்னேன். "அழுத்தினா திறக்குதுல்ல சார்?" என்றார். நேரில் வரவழைத்து, அவரையே உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, கன்ட்ரோலர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, இப்போது வாங்க என்றோம். அரை மணி நேரத்தில் ஒயரை மாற்றிக் கொடுத்தார்.

ஃபயர் அலாரம் அடித்தாலும் லாக் விட வேண்டும், அந்த இணைப்பையும் போட்டோம். அடுத்த நாள் காலை ஷோரூமில் முதலாளியின் அம்மா சாம்பிராணி போட்டார். வழக்கமாக வீட்டில் போடுகிற அளவுதான். ஸ்மோக் டிடெக்டர் அடித்து, இரண்டு மாடிக் கதவும் படபடவென்று திறந்துகொண்டன. அந்தம்மா தூபக்காலும் கையுமாக அப்படியே நின்றார். முதலாளி என் பக்கம் திரும்பி, "அப்போ எவனாவது வந்து சாம்பிராணி போட்டா என் கட்டிடம் பூராம் திறந்துக்குமா?" என்றார். நல்ல கேள்வி, நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டிய கேள்வி. ஆமாம், ஆள் வெளியேறுகிற வழியில் இருக்கிற கதவு திறக்கும், அதில் பேரம் கிடையாது என்றேன். ஆனால் ஸ்ட்ராங் ரூம் வழியாக யாரும் வெளியேறப் போவதில்லை, அதற்கு எலக்ட்ரிக் லாக்கே வேண்டாம், சாவிதான், ஒன்றுக்கு இரண்டாக. ராத்திரி உள்ளே ஆள் இல்லாதபோது ஷட்டர் பூட்டுதான் காவல், கார்டு ரீடர் காவல் இல்லை. கார்டு தேய்த்துத் திறக்கிற ஸ்ட்ராங் ரூம் என்று அவர் ஆசைப்பட்டிருந்தார், கொஞ்சம் முகம் வாடியது. பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஸ்மோக் டிடெக்டரை எடுத்துவிட்டு அங்கே மட்டும் ஹீட் டிடெக்டர் போட்டோம், அது புகைக்கு அசையாது.

கேமராவுக்கு வருகிறேன். பகலில் பார்த்தால் எல்லாம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. சாயங்காலம் ஆறேகால் இருக்கும், பின்சந்தில் இருந்த கேமரா அணைந்தது. ஒரு நிமிடத்தில் வந்தது. மறுபடி அணைந்தது. இருட்டினால் கேமராவுக்குள் ஐஆர் விளக்குகள் எரியும், அப்போது அது இழுக்கிற கரண்ட் கூடும். அந்தக் கேமராவுக்குப் போன கேபிள் எண்பது மீட்டருக்கு மேல். வெட்டிப் பார்த்தோம், மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளையாக அலுமினியம். பெட்டியில் கேட் சிக்ஸ் (Cat 6) கேபிள் என்றுதான் போட்டிருந்தது. பகல் கரண்டைத் தாங்கிய கேபிள் ராத்திரிக் கரண்டுக்கு வோல்டேஜை விட்டுவிட்டது. முழுச் செம்பு கேபிளாக மாற்றியதும் சரியானது. கத்தியால் ஒரு சுரண்டு சுரண்டினால் வாங்கும்போதே தெரிந்துவிடும் விஷயம், நான் விலையைப் பார்த்தேன்.

முகம் தெரியுமா என்பது இன்னொன்று. டிவியில் லைவ் பார்த்து "ஆள் தெரியுது" என்று திருப்தி ஆகிவிடுவோம், அது நமக்கு அந்த ஆளை ஏற்கனவே தெரியும் என்பதால். முன்பின் தெரியாதவனை அடையாளம் சொல்ல, அவன் நிற்கிற இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சலாவது விழ வேண்டும் என்பது கேமரா தொழிலில் உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவு. 2 மெகாபிக்சல் கேமராவில் அகலத்துக்கு 1920 பிக்சல். அப்படியென்றால் ஏழரை மீட்டர் அகலத்துக்கு மேல் காட்டினால் முகம் கிடையாது, தொப்பியும் சட்டையும்தான். சந்துக் கேமரா பன்னிரண்டு மீட்டர் காட்டிக்கொண்டிருந்தது. பெரியவரின் பேரனை, எனக்குத் தெரியாத பையன், ராத்திரி ஒன்பது மணிக்குச் சந்தில் நடக்கச் சொல்லி, மறுநாள் அவனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேருமாக வந்தபோது இதில் யார் அது என்று பதிவை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. குறுகலான பார்வை உள்ள லென்ஸோடு கேட் பக்கம் ஒன்றைத் தனியாக இறக்கி மாட்டினோம்.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்று முதலாளி கேட்டபோது ஒரு மாதம் என்று கொட்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தோம். எட்டு கேமரா, ஒன்றுக்கு நொடிக்கு 4 மெகாபிட் வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 345 ஜிபி. உள்ளே இருப்பது 4 டிபி. பன்னிரண்டாம் நாள் முதல் நாள் அழிந்துவிடும். கொலுசு கணக்கு மாதக் கடைசியில்தான் பார்ப்பார்கள், காணாமல் போனது தெரியும்போது பதிவு இருக்காது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, சில கேமராக்களின் பதிவு அளவைக் குறைத்து முப்பது நாளுக்குக் கொண்டுவந்தோம். அப்படியே ஒரு பத்து நிமிடப் பதிவை பென்டிரைவில் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தபோது பதிவு செய்கிற என்விஆர் பெட்டியின் கடிகாரம் பதினோரு நிமிடம் பின்னால் இருந்தது. 2024 ஜூலையில் வந்த புதுச் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் இந்தப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்கச் சான்றிதழ் எல்லாம் கேட்கிறார்கள், அங்கே போய் கடிகாரம் தப்பு என்று நிற்க முடியாது.

போன் டயலரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் எல்லாமே சிரிப்புதான். அலாரம் அடித்தால் மூன்று நம்பருக்கு வரிசையாகக் கூப்பிடும். ராத்திரி ஒன்றரைக்குச் சொல்லாமல் அடித்துப் பார்த்தோம். முதலாளி போன் சைலன்ட், மேனேஜர் போனில் அந்த நம்பரை ஸ்பேம் என்று போன் தானாகவே வெட்டிவிட்டது, மூன்றாவது நம்பர் முதலாளியின் மைத்துனர், எடுத்து "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். நம்பரைப் பெயர் போட்டுச் சேமித்து, சைலன்டிலும் மணி அடிக்கிற மாதிரி வைத்துக் கொடுத்தோம். டயலரில் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் தேதியை மேனேஜர் தன் காலண்டரில் எழுதினார். சிம் ரீசார்ஜ் தீர்ந்து ஊமையாகக் கிடக்கும் அலாரங்களை நான் சேலத்தில் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

காலையில் கடை திறப்பதையும் ஒரு தடவை நடத்திப் பார்த்தோம், மேனேஜர் நிஜமாகவே டிபன் பாக்ஸ், பை, சாவிக்கொத்தோடு வர வேண்டும் என்று சொல்லி. ஷட்டரை முழுக்கத் தூக்கி, உள்கதவைத் திறந்து, லைட் சுவிட்சைத் தடவிப் பிடித்து, கீபேடுக்கு வருவதற்குள் முப்பது நொடி போய் ஹூட்டர் அடித்துவிட்டது. சாவியும் பையும் இல்லாமல் நான் செய்தபோது பதினெட்டு நொடி. நாற்பத்தைந்து நொடியாக மாற்றினேன். இதை விட்டிருந்தால் தினமும் காலை ஒன்பது மணிக்கு அடித்திருக்கும், ஒரு மாதத்தில் செவ்வாய்ப்பேட்டையிலும் சாக்கு கிடைக்காமலா போயிருக்கும்.

கையெழுத்து வாங்கியபோது டெஸ்ட் ஷீட்டில் ஒரு வரியைக் காலியாக விட்டேன். தகரக்கூரை ஹால், மே மாதம், ஞாயிறு மத்தியானம். பிஐஆருக்கு உடம்புச் சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் வித்தியாசம் வேண்டும். தையில் அந்த வித்தியாசம் தாராளமாக இருக்கும். சேலத்து அக்னி நட்சத்திரத்தில், பூட்டிக் கிடக்கும் தகரக் கொட்டகைக்குள், நம் தோலும் சுவரும் ஏறக்குறைய ஒரே சூடு. "அதுக்காக மறுபடி வருவீங்களா?" என்று முதலாளி நம்பாமல் கேட்டார்.

போனேன். மத்தியானம் இரண்டரை, உள்ளே தெர்மாமீட்டர் 38 காட்டியது. பெரியவர் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார், அந்தக் குளுமை டெஸ்டைக் கெடுத்துவிடும் என்று எடுக்கச் சொன்னேன். பத்து மீட்டரில் பிடித்த சென்சார் இப்போது அவர் நாலு மீட்டருக்கு வந்த பிறகுதான் மின்னியது. சப்ளையரிடம் கேட்டால் மைக்ரோவேவும் சேர்ந்த டூயல் சென்சார் போடுங்கள் என்றார்கள். வழக்கமான டூயல் சென்சாரில் இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் அலாரம், பொய் அலாரத்தைக் குறைக்க வந்த சாமான் அது, இந்தச் சூட்டில் பிஐஆர் பாதி குருடாகிவிட்டால் இன்னொன்று பார்த்து என்ன பயன். அதை விட்டுவிட்டு, ஹாலுக்கு ஏறி வருகிற மாடிப்படித் திருப்பத்தில், கான்கிரீட் நிழலில் கொஞ்சம் குளுமையாக இருக்கும் இடத்தில் ஒன்றும், மொட்டைமாடிக் கதவில் காந்த சென்சார் ஒன்றும் போட்டேன். பெரியவர் மொட்டைமாடிப் பக்கம் இருந்து கதவை விரற்கடை அளவு தள்ளினார், ஹூட்டர் அடித்தது. எதிர் மண்டியில் இருந்து இரண்டு பேர் வெளியே வந்து மேலே பார்த்தார்கள்.